படம் பெருசு, போனு சிறுசு

மொபைல் ஆப் எழுதுகிறவனுக்கு ஹேக்கர், வைரஸ் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை; அவனை உருட்டிப் புரட்டி எடுப்பது நல்ல கேமராவில் எடுத்த ஒரு நல்ல போட்டோதான்.

என்னைப் போலவே இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போனில் இருக்கும் போட்டோ மடித்து வைத்த சாமியானா துணி மாதிரி. மடித்திருக்கும்வரை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடலாம். திரையில் காட்ட வேண்டும் என்றால் பிரிக்க வேண்டும். பிரித்தால் தெருவையே அடைத்துக்கொள்ளும். போனின் மெமரியோ ஒரு சந்து. சந்துக்குள் சாமியானா விரித்தால் என்ன ஆகும்? ஆப் மூச்சு முட்டி மூடிக்கொள்ளும். நாங்கள் அதை கிராஷ் என்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம் "உள்ள போனா வெளிய தள்ளிடுதுப்பா" என்பார்கள். இத்தனை வருஷத்தில் இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எனக்குச் சொந்த ஊர் சங்கராபுரம். கள்ளக்குறிச்சியில் ஒரு பேட்டரிக் கடை மாடியில் ஒரு மேஜை, ஒரு ஃபேன், பழைய போன்கள் ஒரு டப்பா நிறைய. அதுதான் என் கம்பெனி. கச்சிராயபாளையத்தில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு மாட்டு டாக்டரம்மாவுக்காக நான் ஒரு ஆப் எழுதினேன். மாட்டை போட்டோ எடுத்து, என்ன நோய் என்று நாலு வார்த்தை எழுதி அனுப்பினால் டாக்டரம்மா பார்த்துச் சொல்வார். எங்கள் ஊரில் அதை ஆப் என்று யாரும் சொல்வதில்லை, "ஆப்பு" என்றுதான் சொல்வார்கள். நான் தெருவில் போனால் "மாட்டு டாக்டருக்கு ஆப்பு வெச்ச தம்பி இதுதான்" என்று காட்டுவார்கள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் ஆராய்ச்சி செய்வதில்லை.

ரெண்டு கருப்பு மாடு

ஆப் வருவதற்கு முன் டாக்டரம்மாவின் போனுக்கு எல்லாரும் மெசேஜில்தான் போட்டோ அனுப்புவார்கள். அதற்கு நடுவே காலை வணக்கம், ரோஜாப்பூ, சாமி படம், யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை. ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து ரெண்டு பேர் ரெண்டு கருப்பு மாட்டுப் படம் அனுப்பினார்கள். பேரும் இல்லை, ஊரும் இல்லை. டாக்டரம்மா ரெண்டும் ஒரே மாடு என்று நினைத்துவிட்டார். மலைச்சாலையில் வளைந்து வளைந்து மேலே போய்ப் பார்த்தால், கொண்டுபோன மருந்து இன்னொரு மாட்டுக்கானது. இறங்கி வந்து மறுபடி ஏறுவதற்குள் மாடு செத்துவிட்டது.

அந்த வாரமே என் மாடிக்கு ஏறி வந்தார். கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, மேலே போகலாமா வேண்டாமா, போனால் எந்த மருந்தோடு போவது என்பதை ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியவர் அவர். படம் தப்பானால் மாடு போச்சு. என் ஆப்புக்கு இருந்த ஒரே வேலை, அந்தப் படத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து காட்டுவதுதான். இன்னொரு மாடு இப்படிப் போனால் ஆப்பையும் தூக்கிப் போட்டுவிடுவேன், என்னையும் கூப்பிட மாட்டேன் என்று முதல் நாளே தெளிவாகச் சொன்னார். அப்புறம் சொன்னார்:

"அந்த மாட்டுக்காரம்மா என்னைத் திட்டியிருந்தாகூட பரவால்ல தம்பி. மாடு செத்துக் கெடக்குது, இவ்ளோ தூரம் வந்தீங்களேன்னு எனக்கு காப்பி போட்டுக் குடுத்துச்சுப்பா."

சிறிய படம் அனுப்பவும்

முதல் வாரமே பெரிய போட்டோக்கள் வந்து ஆப்பை வெளியே தள்ளின. எந்தச் சோம்பேறியும் செய்யும் வேலையைத்தான் நானும் செய்தேன். போட்டோ ஒரு அளவுக்கு மேல் போனால் அதை வாங்காமல், ஒரு அறிவிப்பு காட்டும்படி வைத்தேன். அறிவிப்பு நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதினேன்: "படம் பெரியதாக உள்ளது. சிறிய படம் அனுப்பவும்." எழுதிவிட்டு எனக்கே ஒரு பெருமை.

கோமுகி அணைப் பக்கம் ஒருவர் இதைப் படித்துவிட்டு நாலடி பின்னால் போய்ப் படம் எடுத்தார். பெரியது என்றது ஆப். இன்னும் பின்னால் போனார். கடைசியில் வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரையில் நின்று எடுத்திருக்கிறார். படத்தில் கரும்புத் தோட்டம் முழுக்க இருக்கிறது, மாடு எறும்பு மாதிரி ஒரு ஓரத்தில் நிற்கிறது. அதையும் ஆப் பெரியது என்றே சொன்னது. மாடு சின்னதாகத் தெரிந்தால் படம் சின்னதாகிவிடாது என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? அதே கேமரா, படத்தில் அதே எண்ணிக்கைப் புள்ளிகள். மாட்டுக்குப் பதில் தோட்டம், அவ்வளவுதான்.

அவராவது மாட்டைக் காட்டினார். வெள்ளிமலையிலிருந்து ஒரு பெரியவர் எனக்கே போன் போட்டார். மாடு புல் தின்னவில்லை என்று படம் அனுப்பியிருக்கிறார், பெரியது என்றிருக்கிறது. சரி என்று கன்றுக்குட்டியைப் பிடித்து நிறுத்தி எடுத்திருக்கிறார். அதுவும் பெரியது. ஆட்டுக்குட்டி. அதுவும் பெரியது. மனிதருக்குக் கோபம் இல்லை, சலிப்பு இல்லை, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்:

"கோழிக்குஞ்சு வரைக்கும் எடுத்து அனுப்பிட்டேங்க, அத்தையும் பெருசுன்னுது. இதுக்கு மேல சின்னதா எங்க வூட்ல ஒண்ணும் இல்லீங்களே, இன்னா பண்றது?"

நூத்தியெட்டு

அறிவிப்பைத் தூக்கிவிட்டேன். ஜனங்களிடம் சுருக்கச் சொல்லாதே, நீயே சுருக்கிக்கொள் என்று ஆப்புக்கே சொல்லிக்கொடுத்தேன். போட்டோ எவ்வளவு பெரிதாக வந்தாலும் ஆப் அதைத் திறந்து, சின்னதாக்கி, பிறகு அனுப்பும். பத்துப் பதினைந்து போன்களில் சோதித்தேன். எல்லாம் நன்றாக ஓடியது. அப்பாடா என்று இருந்தேன்.

கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்திருந்தார். கிளினிக்குக்கே வந்து, எல்லார் முன்னாலும் தன் பசுவின் காதில் இருக்கும் உண்ணியைப் போட்டோ எடுத்து ஆப்பில் போட்டார். திரை கறுத்தது. ஆப் வெளியே தள்ளியது. மறுபடி போட்டார், மறுபடி தள்ளியது. "கேமரா நூத்தியெட்டு மெகாபிக்சலுங்க, சும்மா இல்ல" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அதாவது குற்றம் அவர் போனிடம் இல்லை.

உண்மைதான், குற்றம் என்னிடம்தான். சாமியானாவை முழுசாக விரித்துவிட்டு அதற்கப்புறம் கத்தரியைத் தேடினால் சந்து தாங்குமா? பிரிக்கும்போதே எட்டுப் புள்ளிக்கு ஒரு புள்ளி என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட வேண்டும். படத்தின் நீள அகலத்தை மட்டும் முதலில் எட்டிப் பார்த்து, அதற்கேற்ற மாதிரி குறைத்துத் திறக்க வேண்டும். அன்று சாயங்காலமே அப்படி மாற்றினேன். ஆனால் அதற்குள் டாக்டரம்மா அந்த விவசாயியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்:

"கேமரா நூத்தியெட்டுன்னு பெருமையா சொல்றீங்க, சரி. ஆப்பு மயக்கம் போட்டு வுழுவுதே, அத்த ஏத்திகினு போறதுக்கு எந்த நூத்தியெட்ட கூப்புடறது?"

படுத்த மாடு

இதற்கப்புறம் ஆப் விழவில்லை. விழுந்தது மாடு.

போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுத்தாலும் பல போன்கள் அதைப் படுக்க வைத்துத்தான் சேமிக்கும். "பார்ப்பவர்களே, என்னைத் திருப்பிப் பார்க்கவும்" என்று படத்தோடு ஒரு குறிப்பை மட்டும் ஒட்டி வைக்கும். நான் படத்தைச் சுருக்கிப் புதுசாக எழுதும்போது அந்தக் குறிப்பு கீழே விழுந்துவிட்டது. எனக்குத் தெரியாது. நான் சோதிப்பதற்கு எடுத்ததெல்லாம் மேஜை மேல் இருந்த டீ கிளாஸ், பேனா. அவற்றையும் போனைக் குறுக்கே பிடித்தே எடுத்திருக்கிறேன்.

கன்று போட்ட மறுநாள் ஒரு மாட்டை அதன் முகத்துக்கு நேராக நின்று ஒருவர் படம் எடுத்து அனுப்பினார். கூட எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "பார்க்கவும்". டாக்டரம்மாவின் திரையில் மாடு பக்கவாட்டில் சாய்ந்து, முன்னங்கால் ரெண்டையும் நீட்டிப் படுத்திருந்தது. கன்று போட்ட மாடு கீழே விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கும், சீக்கிரம் கால்சியம் ஏற்றாவிட்டால் பிழைக்காது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, பாட்டில்களை வண்டியில் போட்டுக்கொண்டு மலைக்குப் பறந்தார். மேலே போனால் மாடு நின்றுகொண்டு வைக்கோல் தின்கிறது. கொம்பு நுனியில் லேசாகச் சிராய்ப்பு, அதைப் பார்க்கத்தான் எழுதியிருக்கிறார்கள். அங்கே பாறை மேல் ஏறி, டவர் கிடைத்த இடத்தில் நின்று எனக்குப் போன் செய்தார்:

"மாடு ஜம்முனு நின்னுகினு இருக்குதுப்பா. படுத்துக் கெடக்கறது உன் ஆப்புதான். கால்சியம் கைல இருக்குது, அதுக்கு ஒரு பாட்டில் ஏத்திடவா?"

மாடு மேல, போனு கீழ

மலையில் எல்லா ஊருக்கும் டவர் கிடையாது. படத்தைச் சுருக்கினாலும் அது போய்ச் சேர ஒரு வழி வேண்டுமே. அதனால் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பும்படி எழுதினேன். டவர் கிடைத்தால் நாலு துண்டு போகும். டவர் போனால் அப்படியே நிற்கும். மறுபடி கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். நடுவில் ஆப்பை மூடினாலும், போனை அணைத்துப் போட்டாலும் நஷ்டம் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியும், இது சாமானிய வேலை இல்லை. கண் எரிய உட்கார்ந்து செய்தேன்.

மலைக்காரர்கள் இதை ஒரே வாரத்தில் புரிந்துகொண்டார்கள். எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் விஷயம். டவரைத் தேடி நாம் ஏன் பாறை ஏற வேண்டும்? போனை மட்டும் அனுப்பினால் போதாதா? காலையில் மாட்டைப் படம் எடுத்து, ஆப்பில் போட்டு, கீழே இறங்கும் முதல் பஸ் கண்டக்டரிடம் போனைக் கொடுத்துவிடுவார்கள். பஸ் வளைவுகளில் இறங்க இறங்க, டவர் கிடைக்கிற இடத்திலெல்லாம் படம் துண்டு துண்டாகப் போகும். சாயங்காலம் அதே பஸ்ஸில் போன் வீடு திரும்பும். முருங்கைக்கீரைக் கட்டும் பலாப்பழமும் அப்படித்தான் இறங்குகின்றன, போன் இறங்கக் கூடாதா?

இது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. ஒரு படம் வந்தது, மாட்டுக்கு வயிறு உப்பியிருந்தது. சாணி போட்டதா, தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்க, படம் வந்த நம்பருக்கே கூப்பிட்டார். போனை எடுத்தவர் பேசியது கிளினிக்கில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்டது:

"நான் பஸ் கண்டக்டருங்க டாக்டரம்மா. மாடு மேல இருக்குது, போனு கீழ வந்துகினு இருக்குது. இன்னா கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க, சாய்ந்தரம் மேல போயி விசாரிச்சு சொல்றேன்."

சேறா, அம்மையா

அப்புறம் எனக்குச் சுருக்குவதில் ஒரு வெறியே வந்துவிட்டது. சின்னதாக இருந்தால் சீக்கிரம் போகும், கிராஷ் ஆகாது, டேட்டாவும் கம்மி. இன்னும் சின்னதாக்கு, இன்னும் சின்னதாக்கு என்று போனதில் மாட்டின் தோல் பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. மாடுகளுக்கு அம்மை வந்துகொண்டிருந்த நேரம் அது. சங்கராபுரம் பக்கத்திலிருந்து ஒரு மாட்டுப் படம் வந்தது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது. டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். அம்மைக் கட்டியா, சேறு காய்ந்ததா என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. மாட்டுக்காரருக்கே போன் போட்டுக் கேட்டார். அவர் லைனில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் சத்தமும், மாடு உதறும் சத்தமும், யாரோ திட்டும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து சொன்னார்:

"கழுவுனா போய்டுச்சுங்க, சேறுதான். நோவு மாட்டுக்கு இல்லீங்க டாக்டரம்மா, உங்க படத்துக்குதான்."

குளம்புக்கு மேல

பெரிதாக இருந்தால் போகாது, சின்னதாக இருந்தால் தெரியாது. இதற்கு நடுவில் ஒரு வழி கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாசம் ஆனது. சின்னப் படம் முதலில் போகட்டும். பெரிய படம் மாட்டுக்காரர் போனிலேயே இருக்கட்டும். டாக்டரம்மா சின்னப் படத்தில் எந்த இடத்தைத் தொடுகிறாரோ, அந்த இடத்தை மட்டும் பெரிய படத்திலிருந்து வெட்டி அந்த போன் அனுப்பட்டும். முழு சாமியானாவைப் பிரிக்க வேண்டாம், வேண்டிய மூலையை மட்டும் விரித்தால் போதும். மலையில் இருந்த போன்களிலெல்லாம் புது ஆப் ஏறிவிட்டது. டாக்டரம்மாவின் போனில் மட்டும் பாக்கி. அதைப் போட்டுக் கொடுக்க ஒருநாள் காலையில் டவுன் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் போனேன்.

போட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து செல்லம்மா என்பவர் அனுப்பியிருந்தார். கணவர் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்க, ரெண்டு பிள்ளைகளோடு ஒரு மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். சினை மாடு, பின்னங்கால் ஒன்று தொடை வரைக்கும் வீங்கியிருந்தது. டாக்டரம்மா முகம் மாறிவிட்டது.

"சப்பை நோவா இருக்கலாம், சதைக்குள்ள காத்து கோத்து வீங்கற நோவு. பாம்பு கொத்தியும் இருக்கலாம். ரெண்டுக்கும் இப்படித்தான் வீங்கும்" என்றார்.

"ரெண்டு மருந்தையும் எடுத்துகினு போயிடலாமே டாக்டரம்மா?"

"சப்பை நோவுக்கு மருந்து இங்கயே இருக்குது. பாம்புக்கடி மருந்து கள்ளக்குறிச்சிலதான் கெடைக்கும். மலை ஒரு பக்கம், கள்ளக்குறிச்சி ஒரு பக்கம், இருக்கறது ஒரு வண்டி. சப்பை நோவா இருந்து நான் கள்ளக்குறிச்சி போயிட்டு வந்தா, மாடு இருக்காது. பாம்பா இருந்து நான் இப்படியே மேல போனா, கையப் பிசைஞ்சுகினு நிக்கணும். முன்ன ஒருக்கா நின்னேனே, அது போதும்பா."

செல்லம்மாவைக் கூப்பிட்டார். லைன் விட்டுவிட்டுக் கேட்டது. வீக்கத்தை அமுக்கினால் நறநறவென்று இருக்கிறதா என்று கேட்டதற்கு, "கிட்ட போனாலே உதைக்குதும்மா, தொடவே வுடல" என்றார். மறுபடி போய்ப் பார்க்கச் சொன்னபோது, "நான் டவருக்காக பாறைக்கு வந்து நிக்கறேம்மா. வூடு கீழ தூரமா இருக்குது. போயிட்டு திரும்பி வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சுடும். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதாம்மா" என்றார். லைன் போய்விட்டது.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. படத்தில் குளம்புக்குக் கொஞ்சம் மேலே, முடி ஈரமாக ஒட்டிக் கிடந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். என் மேஜையில் ஓடியது சரி, அந்தம்மா போன் எந்தக் காலத்துப் போனோ? அங்கே வெட்டும்போது ஆப் வெளியே தள்ளிவிட்டால்? பாறை மேல் நிற்கிறவருக்கு அதை மறுபடி திறக்கத் தெரியுமா? திரையில் ஒரு கீற்று வந்தது. நின்றது. அடுத்த கீற்று வந்தது. மாட்டின் காலை யாரோ மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுகிற மாதிரி இருந்தது. சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது, அன்று கும்பிட்டேன்.

கடைசிக் கீற்று வந்தபோது, ஈர முடிக்கு நடுவில் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு பொட்டு தெரிந்தன. ரத்தம் முத்து முத்தாக நின்றிருந்தது.

"பாம்பு. வண்டில ஏறு" என்றார் டாக்டரம்மா.

கள்ளக்குறிச்சிக்குப் போய் மருந்தை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி, மலை ஏறினோம். வளைவுகளில் அவர் ஓட்டிய ஓட்டத்தில், பிடித்த பிடியை நான் விடவே இல்லை. மாடு வீட்டுக்கு எதிரே பலா மரத்தடியில் படுத்துக் கிடந்தது. இந்த முறை நிஜமாகவே படுத்திருந்தது. எழுந்து உதைக்கவும் அதற்குத் தெம்பில்லை. நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப்போனதும் மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். வெயில் சாய்கிற நேரத்தில் மாடு தலையைத் தூக்கியது. செல்லம்மா வைத்த கஞ்சித்தண்ணியை முதலில் மோந்து பார்த்தது. அப்புறம் சத்தம் போட்டு உறிஞ்ச ஆரம்பித்தது. "குடிச்சுடுச்சுல்ல, இனி தப்பிச்சுக்கும். வயித்துல இருக்கறதும் தப்பிச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. செல்லம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தி, வாய்விட்டு அழுதார். நான் கிளையில் தொங்கிய பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டாக்டரம்மா என்னைக் காட்டி, அந்தப் பல்லுத் தடத்தைப் பெரிசாக்கிக் காட்டிய ஆப்பு இந்தத் தம்பி எழுதியதுதான் என்று சொன்னார். செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் கூச்சத்தோடு தலையைக் குனிந்தேன். அவர் கேட்டார்:

"மாட்டாண்ட நின்ன என் கண்ணுக்கே தெரியாத பல்லுத்தடத்த, நீ கச்சிராபாளையத்துல குந்திகினு பாத்துட்டியே தம்பி, அப்ப பாம்பு எங்க போச்சுன்னும் அதுலயே பாத்து சொல்லுப்பா, மாடு கட்டற அந்தக் கொட்டாயிலதான் எம் புள்ளைங்க படுக்குதுங்க."

நானும் டாக்டரம்மாவும் அக்கம்பக்கத்து நாலு பேருமாக விறகு அடுக்கைப் பிரித்துப் போட்டோம், வைக்கோல் போரைக் கிளறினோம், கூரையைக் கம்பால் தட்டினோம். ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகளின் பாயை எடுத்துப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுத்தான் இறங்கினோம்.

இந்தத் தொழிலில் ஆப் கீழே விழாமல் ஒரு படத்தைத் திறக்க வைத்துவிட்டோம் என்று மூச்சு விடும்போதே, அந்தப் படத்தில் இல்லாததைக் காட்டச் சொல்லி ஒருவர் வந்து நிற்பார், அவர் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கும்.